நண்டுக் கம்பெனிக்குப் புதுசா? சூப்பர்வைசர் அநியாயம் பண்ணினால் டேபிள் என்ன செய்யும், நீங்கள் என்ன செய்யலாம்

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "அக்கா, நான் எடுத்த சதைக்கும் சிட்டையில இருக்க எடைக்கும் ஒத்தே வரல, சார்கிட்ட நேராப் போயிக் கேக்கட்டா?" என்றாள். போய்க் கேட்டும் விட்டாள். மறுநாளிலிருந்து அவள் முன்னால் வந்து விழுந்ததெல்லாம் பொடி நண்டு. பொடி நண்டை நாள் முழுக்க உடைத்தாலும் விரல்தான் கிழியுமே தவிர சதை தேறாது. பதினைந்தாவது நாள் வேன் அவள் வீட்டுத் தெருவில் நின்று ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு வந்துவிட்டது. அவள் கேட்டது முழுக்க நியாயம். அவளைத் தனியாகக் கேட்கவிட்டது, அவளோடு ஒரே டேபிளில் உட்கார்ந்து நண்டு உடைத்த எங்கள் ஏழு பேர் தப்பு.

மண்டபம் பக்கத்தில் கிலோக் கணக்கில் கூலி வாங்கி நண்டுச் சதை எடுக்கும் வேலையில் பதினோரு வருடம் இருந்திருக்கிறேன், இரண்டு கம்பெனி பார்த்தாயிற்று. இதை எழுதுவது உச்சிப்புளி, வேதாளை, பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து இப்போதுதான் வேன் ஏறுகிற பிள்ளைகளுக்காக. இறால் ஷெட்டுக்கும் உப்பளத்துக்கும் போகிறவர்களுக்கும் பாதிக்குமேல் பொருந்தும்.

முதலில், உங்களை வேலை வாங்குவது யார்?

கம்பெனிக்குள் "சார்" என்று நாம் கூப்பிடுகிற எல்லாரும் ஒரே சார் இல்லை. ஒருவர் கம்பெனி ஆள், சம்பளப் பட்டியலில் இருப்பவர். இன்னொருவர் காண்ட்ராக்டர் வைத்த ஆள். மூன்றாவது, உங்களை வீட்டில் வந்து பேசிக் கூட்டிவந்த ஏஜெண்ட் அக்கா. அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் போகிறது, அட்வான்ஸ் கொடுத்ததும் பெரும்பாலும் அவர்தான். அவர் உங்களுக்கு மதினி முறையாகக்கூட இருக்கலாம், நம்ம கரையில் அதுதான் வழக்கம். யார் கை யார் சட்டைப்பைக்குள் இருக்கிறது என்று தெரியாமல் வாயைத் திறந்தால், நீங்கள் புகார் சொன்ன ஆளிடமே புகார் போய்ச் சேரும்.

ஆகவே முதல் மாதம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடையாள அட்டையிலும் சம்பளச் சிட்டையிலும் பிஎஃப் மெசேஜிலும் யார் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். காண்ட்ராக்டர் பெயர் இருந்தால் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். காண்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் போனால் கொடுக்கும் பொறுப்பு கம்பெனிக்கு உண்டு, 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே அப்படித்தான்.

எது அநியாயம், எது வேலையே அப்படி

புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள், நானும் குழப்பிக்கொண்டேன். குளோரின் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கை முக்கச் சொல்வது, வளையல், ஹேர்பின் கழற்றச் சொல்வது, போன் உள்ளே கூடாது என்பது, நீல லைட்டுக்கு அடியில் சதையைப் பரப்பி ஒரு துண்டு ஓடு மின்னினாலும் திரும்ப எடுக்கச் சொல்வது, இதெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிற சரக்கின் கெடுபிடி. எரிச்சலாக இருக்கும், ஆனால் எல்லாருக்கும் ஒன்றுபோல நடந்தால் அதில் சண்டை போட ஒன்றுமில்லை.

சூப்பர்வைசர் தனக்கு வேண்டிய டேபிளுக்குப் பெரிய நண்டும் உங்களுக்குப் பொடியும் தள்ளுவது அநியாயம். துடுப்புக் காலுக்குப் பக்கத்தில் இருக்கிற முழு வெள்ளைச் சதைதான் விலை கூடின சதை, அது பெரிய நண்டில்தான் ஒழுங்காக வரும், அதனால் யாருக்கு எந்த நண்டு என்பது நேராகக் கூலி விஷயம். எடையில் கை வைப்பது, பாத்ரூம் போக மூக்கால் அழவைப்பது, ஊரையும் சாதியையும் இழுத்துப் பேசுவது, வேன் கிளம்பும் நேரம் தாண்டி நிறுத்திவிட்டு அந்த இரண்டு மணி நேரத்தைக் கணக்கில் காட்டாமல் விடுவது (கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம்), வாய்க்கு வந்தபடி ஃபைன் போடுவது, இவையும் அதே பட்டியல்.

ஃபைன் பற்றி மட்டும் ஒரு கணக்கு. 1936-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சரி, இப்போது வந்திருக்கிற 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் சரி, ஒரு மாத அபராதம் அந்த மாதக் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 9,000 ரூபாய் வாங்குகிறவருக்கு மிஞ்சிப்போனால் 270. அதையும் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் போட வேண்டும். ஒரே நாளில் 500 ரூபாய் ஃபைன் என்று நோட்டில் எழுதுகிற சார் இந்தக் கணக்கைக் கேட்டால் கொஞ்சம் இருமுவார்.

தராசைப் படிக்கத் தெரிய வேண்டும்

இது என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், யாரும் சொல்லியும் தர மாட்டார்கள்.

எலக்ட்ரானிக் தராசில் முதலில் காலி டப்பாவை வைத்துப் பட்டனை அழுத்தி பூஜ்யம் ஆக்குவார்கள். அப்புறம் உங்கள் டப்பாவைச் சதையோடு வைத்தால் சதை எடை மட்டும் காட்டும். சரி. இப்போது டப்பாவைத் தூக்கின உடனே தராசைப் பாருங்கள், மைனஸ் போட்டு ஒரு எண் நிற்கும். அது கழித்த டப்பாவின் எடை. உங்கள் டப்பா காலியாக 120 கிராம் என்றால் அங்கே மைனஸ் 120 நிற்க வேண்டும். எங்கள் டேபிளில் ஒருநாள் மைனஸ் 165 நின்றது. ஈரத்தோடும் அடியில் ஒட்டின ஐஸ்கட்டியோடும் ஒரு டப்பாவை வைத்துக் காலையிலேயே பூஜ்யம் பண்ணியிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 45 கிராம், நாளைக்கு ஆறு தடவை எடை போட்டால் 270 கிராம், ஒரு ஆளுக்கு. எட்டுப் பேர் டேபிள் அது. இரண்டு கிலோவுக்கு மேலே சதை தினமும் காற்றில் போய்க்கொண்டிருந்தது, நாங்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம், "அவ கை வேகம், என் கை மந்தம்" என்று.

சார் வேண்டுமென்றே செய்தாரா, கவனக்குறைவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, குறைகிறது என்பதுதான் விஷயம். "நீ திருடுற" என்று ஆரம்பித்தால் பேச்சு அவருடைய மானத்தைப் பற்றிப் போய்விடும். "சார், மைனஸ் 165 காட்டுது, டப்பா 120 தான்" என்றால் பேச்சு தராசிலேயே நிற்கும்.

சரி, உள்ளே போன் கிடையாது, பேனாவும் கிடையாது, எப்படிக் குறிப்பது? நாங்கள் கண்டுபிடித்த வழி, எடை போட்டதும் எண்ணைச் சத்தமாகச் சொல்வது. "எண்ணூத்தி நாப்பது!" என்று. பக்கத்து ஆள் அதைத் திருப்பிச் சொல்வாள். பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும், ஏலக்கூடம் மாதிரி சத்தம். ஆனால் ஒரு எண்ணுக்கு இரண்டு சாட்சி ஆகிவிடும். சாயங்காலம் வேனில் ஏறினதும் ஒருத்தர் நோட்டை எடுத்துத் தேதி, நேரம், எடை, யார் எடை போட்டது என்று எல்லாருக்கும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு மாதம் எழுதின நோட்டு இருந்தால் நீங்கள் பேசுகிற தோரணையே மாறிவிடும்.

டேபிள் ஏன் வாயைத் திறக்காது

நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் "வாங்கக்கா கேப்போம்" என்றால் நாலு பேர் குனிந்து நண்டைப் பார்ப்பார்கள். கோபப்படாதீர்கள். ஒருத்தருக்கு ஏஜெண்டிடம் பிள்ளை காலேஜ் ஃபீஸுக்கு வாங்கின அட்வான்ஸ் இருக்கும். ஒருத்தருக்கு சூப்பர்வைசர் அண்ணன் மகன். ஒருத்தருக்கு வீட்டுக்காரர் படகு பிடிபட்டுக் கிடக்கிறது, வீட்டில் ஓடுகிற ஒரே சம்பளம் அவருடையது. அட்வான்ஸைக் காட்டி ஆளைப் போகவிடாமல் பிடித்து வைப்பது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம்தான், ஆனால் அதை வேனில் வைத்து லெக்சர் அடித்தால் கடன் அடைந்துவிடுமா?

வயதில் மூத்த ஒருத்தரை முதலில் பிடியுங்கள். எங்கள் டேபிளில் அது ஒரு ராத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), அதிகம் பேச மாட்டார், ஆனால் அவர் தலையாட்டினால் பாதி வேன் தலையாட்டும். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கேட்டு முடிச்ச மறுநாள் யாருக்குப் பொடி நண்டு வரும், அவளுக்கு நீ என்ன பண்ணுவ?" என்பது. அதற்குப் பதில் தயார் பண்ணிக்கொண்டுதான் அப்புறம் நாங்கள் பேச்சையே எடுத்தோம். யாருக்காவது பொடி நண்டு தள்ளினால் அவள் கூலிக் குறைவை டேபிள் மொத்தமும் பங்கு போட்டு ஈடுகட்டுவது என்று முடிவு. ஆளுக்கு நாளைக்கு இருபது முப்பது ரூபாய் வரும். அந்தக் காசை எடுத்துவைக்கத் தயாராக இல்லாத டேபிள் இன்னும் பேசத் தயாராகவில்லை என்று அர்த்தம், பொறுத்திருங்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்றால், பாம்பன் சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கிற பெண்களைப் பாருங்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் கடலில் இறங்குவது, இரும்புக் கருவியால் சுரண்டக் கூடாது என்று அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள். அவரவர் பசி அவரவருக்கு இருக்கும்போதுதான் அதைச் செய்தார்கள்.

கோபத்தில் டேபிள் செய்கிற காரியங்கள்

அநியாயத்துக்கு ஆள்கள் சும்மா இருப்பதில்லை, ஏதோ ஒரு வழியில் காட்டத்தான் செய்வார்கள். கையை மெதுவாக ஓட்டுவது ஒன்று: கிலோக் கூலியில் அது நம் வயிற்றில் நாமே அடித்துக்கொள்வது. சதையோடு ஓட்டுத் துண்டை விட்டு அனுப்புவது இன்னொன்று, இதைச் செய்யவே செய்யாதீர்கள், மாட்டினால் உங்கள் நியாயம் மொத்தமும் அன்றோடு போச்சு, அதைத் தின்கிறவர் தொண்டைக்கும் பாவம். மொட்டைக் கடுதாசி போட்டால் யார் எழுதினது என்று தேடுவார்களே தவிர என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள்.

வாட்ஸ்ஆப் குரூப் ஆரம்பித்து அதில் சாரைத் திட்டுவது இப்போதைய பழக்கம். குரூப்பில் பன்னிரண்டு பேர் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் பதிமூன்றாவது ஆளுக்குப் போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரூப்பில் எடை மட்டும் போடுங்கள், திட்டு வேனுக்குள் இருக்கட்டும்.

இன்னொன்று, "நாளைக்கு எல்லாரும் சேர்ந்து லீவு போட்டுருவோம்." கேட்க ஜோராக இருக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், பாதிப்பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் பேசிவைத்துக்கொண்டு கேஷுவல் லீவு போட்டால் அது வேலைநிறுத்தக் கணக்கில் வரும், வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கொடுக்காமல் செய்தால் தப்பு நம் பக்கம் திரும்பிவிடும். அந்த வழிக்குப் போவதானால் சங்கத்தில் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கேட்கிற நாள், கேட்கிற விதம்

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் போய்க் கேட்காதீர்கள். விசைப்படகு கரையில் கிடக்கும், நாட்டுப்படகு நண்டு மட்டும் கொஞ்சம் வரும், பாதிப்பேரை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருப்பார்கள். "இஷ்டம்னா இரு, இல்லாட்டி போ" என்பதுதான் பதிலாக வரும். வரத்து கூடின நாளில் கேளுங்கள். அவித்த நண்டு பெட்டி பெட்டியாக ஐஸில் காத்திருக்கும்போது எட்டுக் கை கம்பெனிக்குத் தேவை. அதற்காகப் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டுப் பாதியில் கையைத் தூக்காதீர்கள், சரக்கு கெட்டால் பழி நமக்கு. காலையில் உள்ளே போகும்முன், ஏப்ரன் கட்டுகிற இடத்தில், ஐந்து நிமிடம்.

மூன்று பேர் முன்னால் நின்றால் போதும், மற்றவர்கள் பின்னால் நிற்கட்டும். ஒரே ஒரு கோரிக்கை. பாத்ரூம், வேன், ஃபைன், பொடி நண்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் அவர் அதில் சின்னதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் பேசி அனுப்பிவிடுவார். நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: "சார், தினமும் காலையில எங்க முன்னாடி காய்ஞ்ச டப்பாவ வச்சு பூஜ்யம் பண்ணுங்க, நாங்க பாத்துக்கிறோம்." ராத்தாதான் சொன்னார். சார் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார், "யாரு கிளப்பிவிட்டது?" என்றார். யாரும் என்னைப் பார்க்கவில்லை, அதற்கு நான் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் காய்ந்த டப்பா வந்தது.

வாய்ப்பேச்சில் நடக்காவிட்டால்

மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன நடந்தது, எவ்வளவு குறைந்தது, என்ன வேண்டும். "கொடுமை", "அராஜகம்" மாதிரி வார்த்தை எதுவும் வேண்டாம், எண்களே பேசும். முதல் கையெழுத்து போடத்தான் எல்லாரும் பயப்படுவார்கள், அதனால் பேப்பரின் கீழே ஒரு வட்டம் போட்டு அதைச் சுற்றிக் கையெழுத்துப் போடுங்கள், யார் முதல் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு (ரெஜிஸ்ட்ரேஷன்) சேர்த்து அனுப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் மேலே என்றால் ராமநாதபுரம் போக வேண்டியதுதான். தொழிலாளர் துறை அலுவலகம் கூலி விஷயத்துக்கு. தராசுக்கும் அதே துறைதான், எடைக்கருவிக்கு முத்திரை போடுகிற வேலை தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் இருக்கிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. தராசில் முத்திரை இருக்கிறதா, எந்த வருடத்தது என்று பார்த்துவிட்டுப் போனால் மனுவில் இன்னொரு வரி சேரும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் அதுவும் அதே துறைக்குத்தான் திரும்பும், ஆனால் நம்பர் போட்ட ரசீது கையில் இருக்கும், கேட்கப் போகிறபோது அதற்கு ஒரு மரியாதை உண்டு.

வக்கீல் என்றதும் காசுக்குப் பயப்படாதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, போன் 15100. சங்கம் வைக்க ஆசையா? பதிவுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும், அத்தோடு வேலை பார்க்கிறவர்களில் பத்து சதவீதமோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும்.

உடம்பைத் தொட்டுப் பேசினால், தொட்டால்

இதற்கு மேலே சொன்ன பொறுமை எதுவும் கிடையாது. டேபிள் தலையாட்டும்வரை காத்திருக்காதீர்கள். பத்துப் பேர் வேலை பார்க்கிற எந்த இடத்திலும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். ஆள் அதைவிடக் குறைவாக இருந்தாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ, மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். 181 பெண்கள் உதவி எண். டேபிளில் இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது, அவளைத் தனியாக அந்த ஆளின் ரூமுக்கு அனுப்பாமல் இருப்பதும், "ஊருக்குத் தெரிஞ்சா அசிங்கம்" என்று அவள் காதில் ஓதாமல் இருப்பதும்.

அதற்கப்புறம்

கேட்டது கிடைத்தாலும் ஒரு மாதத்துக்கு முறைப்பு இருக்கும். வேன் உங்கள் தெரு முனையில் நிற்காமல் போகும், டேபிள் மாற்றுவார்கள், கதவோரம் குளிர் அடிக்கிற இடத்தில் போடுவார்கள். அதையும் தேதி போட்டு எழுதுங்கள். வேலையை விட்டு நிறுத்தினாலோ நீங்களே விட்டாலோ பாக்கிக் கூலி இரண்டு வேலை நாளுக்குள் வர வேண்டும் என்று புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது, "அடுத்த மாசம் வா" என்பதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

எங்களைப் பிரித்துத்தான் போட்டார்கள், நாலு டேபிளுக்கு இரண்டிரண்டு பேராக. சார் நினைத்தது வேறு, நடந்தது வேறு: ஒரு வாரத்தில் நாலு டேபிளிலும் எடையைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

நோட்டு விஷயம் ஒன்று விட்டுப்போச்சு. ஜெல் பேனா வாங்காதீர்கள், ஈரக்கை பட்டால் மை ஊறி ஒரு மாதக் கணக்கும் நீலத் தண்ணீராகிவிடும், எங்களுக்கு ஒருதடவை ஆயிற்று. சாதா பால்பாயிண்ட் போதும். நோட்டைப் பால் கவரில் சுற்றி வையுங்கள், ஒரே ஆள் வீட்டுக்கு எடுத்துப்போகாமல் வாரம் ஒருத்தராக மாற்றிக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை பக்கங்களைப் போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் ஏற்றிவிடுங்கள்.